சில்லறை சார்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நேராக நிற்காது. வரி போகப்போகக் கீழே சரியும். ழகரமும் ளகரமும் எனக்கு எப்போதும் தகராறு. இந்த மலையாள ஊரில் ஐந்தாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன், அதோடு சரி. எழுத்துப்பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம். அது பிழையில்லாமல் இருக்கிறது.

ஒரு மனிதரைப் பற்றி எழுதப்போகிறேன். பெயரை எழுதமாட்டேன். எழுதினால் கௌரவமாகிவிடும். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அது போதும்.

பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அப்போது நான் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியின் குடோனில் வேலை பார்த்தேன். மிளகாய், மல்லி, பருப்பு, புளி. பெரிய முதலாளி காலமான பிறகு அவருடைய பேரன் வந்தார். வெளியூரில் பெரிய படிப்புப் படித்தவர். அவரைச் சின்ன முதலாளி என்போம். நகரத்துக்கு வெளியே புதிய குடோன் கட்டினார். இரும்பு அடுக்குகள், கம்ப்யூட்டர், சாக்கில் ஒட்டுகிற கோடு போட்ட ஸ்டிக்கர், அதை வாசிக்கிற துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின். ‘மாற்றம் வந்தால் ஆட்கள் முரண்டு பிடிப்பார்கள், அதைச் சமாளிக்க அது படித்த ஒருவர் வேண்டும்’ என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு இவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சித்திரை விஷு கழிந்த வாரம். எங்கள் ஆறு பேரையும் சாக்குகளுக்கு நடுவில் நிற்கவைத்து, “இவரு சேஞ்ச் மேனேஜர். எந்தா வேண்டியதுன்னா இவர்கிட்ட பறஞ்சா மதி” என்றார் சின்ன முதலாளி. இவரிடம் சொன்னால் போதுமாம்.

எனக்குப் பக்கத்தில் செல்லையா அண்ணாச்சி நின்றிருந்தார். குடோனுக்கு மூத்தவர், தராசு அவர் கையில். அவர் என் காதில் சொன்னார்: “சேஞ்சுக்குன்னு தனியா ஒரு மேனேஜரா மக்கா? இவரைக் கிழக்கேகோட்டை ஸ்டாண்டுல கொண்டு விட்டா கண்டக்டர்மாரு கும்பிடுவானுவ. சில்லறை இல்லாம கிடந்து சாவுதானுவ.”

அன்று முதல் அவர் சில்லறை சார்.

வந்தவர் கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் பேசுகிற பழைய தமிழ் அவருக்கு நன்றாக வரும். படித்ததெல்லாம் மலையாளமும் இங்கிலீஷும். தமிழில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். “நானும் உங்காத்து மனுஷனாக்கும். எழுத்து தெரியாது, ஆனா காது இருக்கு. நான் பேச வரலை, கேக்க வந்திருக்கேன்.”

இது பொய் இல்லை. அந்த மனிதர் கேட்டார். நான் பார்த்தவர்களிலேயே அப்படி உட்கார்ந்து கேட்டவர் வேறு யாரும் கிடையாது. மல்லிச் சாக்கின்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்காருவார். நாம் பேச வாயெடுத்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். முகம் நம் முகத்துக்கு நேரே வரும். தலை மெதுவாக ஆடும். பிறகு சட்டைப் பையிலிருந்து நீல அட்டை போட்ட சின்ன நோட்டை எடுத்து எழுதுவார். எழுதி முடித்து நம் தோளைத் தொட்டு, “நன்னா கேட்டேன்” என்பார்.

எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் பார்த்தால் காது சூடாகி நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட என்னிடமே அரை மணி நேரம் பேச்சு வாங்கியிருக்கிறார். என் மகள் பெயர், அவளுக்குக் கணக்கு வராது என்பது, மனைவிக்கு ஆஸ்துமா என்பது, எல்லாம் கேட்டார். அடுத்த வாரம் வந்து, “சுபாவுக்குக் கணக்குப் பரீட்சை எப்படி?” என்றார். பெரிய முதலாளி இருபது வருஷத்தில் என் மகள் பெயரைக் கேட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன், நமக்கு ஒரு நல்ல காலம் வந்திருக்கிறது என்று. அதை இப்போது நினைத்தாலும் கன்னத்தில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

குடோனில் மிளகாய் நெடிக்கு ஒரு பெரிய மின்விசிறி வைத்துக்கொடுத்ததும் அவர்தான். கெட்டவர் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

வாரத்துக்கு ஒரு நாள் கூட்டம் வைப்பார். வெள்ளைப் பலகையில் ஒரு கோடு போடுவார். முதலில் சமமாகப் போகும், பிறகு பள்ளத்தில் இறங்கும், பிறகு மேடு ஏறும். மாற்றம் வரும்போது மனிதர்கள் எல்லாரும் இந்த வழியாகத்தான் போவார்களாம். முதலில் இல்லை என்பார்களாம், பிறகு கோபப்படுவார்களாம், பிறகு சோர்ந்து பள்ளத்தில் கிடப்பார்களாம், கடைசியில் சரி என்று ஏறி வருவார்களாம்.

“இப்போ நீங்க எல்லாரும் தோ, இங்கே இருக்கேள்” என்று பள்ளத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

செல்லையா அண்ணாச்சி கையைத் தூக்கினார். “சாரே, பள்ளத்துல எங்களைப் பாத்தாச்சு. மேல ஏற கயிறு யாரு போடுவா?”

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி, நோட்டில் எழுதிக்கொண்டார். “கயிறு! நல்ல பாயின்ட் அண்ணாச்சி” என்றார். கயிறு வரவில்லை.

அந்தக் கோட்டில் ஒரு சூது இருந்தது. அது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. நாம் கோபமாக ஒன்று சொன்னால், ஆள் கோபத்தில் நிற்கிறான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பேசாமல் இருந்தால், சோர்வில் நிற்கிறான் என்று தெரிந்துவிடும். நாம் சொன்ன விஷயம் சரியா தப்பா என்று பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. காய்ச்சல்காரன் வீடு தீப்பிடித்தது என்று கத்தினால், ‘காய்ச்சல் நூற்றிரண்டு’ என்று எழுதிக்கொண்டு போகிற டாக்டரைப்போல.

மிளகாய் விஷயத்தைச் சொன்னால் உங்களுக்கு ஆள் பிடிபடும்.

புதிய குடோன் போவதற்கு முன்னால் பழைய குடோனிலேயே இரண்டு சுவர் ஓரமாக இரும்பு அடுக்கு வைத்துப் பழக்க வேண்டும் என்றார். எந்தச் சரக்கை எங்கே வைக்கலாம் என்று எங்களிடம் அபிப்பிராயம் கேட்டார். செல்லையா அண்ணாச்சி அவரைக் கையைப் பிடித்து மேற்குச் சுவருக்குக் கூட்டிப்போனார். “இந்தச் சுவர் எடவப்பாதி மழையில வேர்க்கும் சாரே. இப்ப மேடத்து வெயில்ல தொட்டுப்பாத்தா ஒண்ணும் தெரியாது. மழை பிடிச்சா ராவும் பகலும் வேர்வை. இதுல பருப்பு வைக்கலாம், புளி வைக்கலாம். மிளகா மட்டும் வைக்கப்பிடாது.”

சில்லறை சார் கண்ணாடியைக் கழற்றினார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். நோட்டில் எழுதினார். சுவரைப் போனில் படம்கூட எடுத்துக்கொண்டார். “நன்னா கேட்டேன் அண்ணாச்சி. இதாக்கும் எனக்கு வேண்டியது. இது எந்த புஸ்தகத்துலயும் கிடையாது.”

அடுத்த வாரம் மேற்குச் சுவரில் அடுக்கு வந்தது. அதில் மிளகாய் ஏறியது. வரைபடம் முன்பே அச்சாகியிருந்ததாம்.

மழை வந்தது. சுவர் வேர்த்தது. கீழ் இரண்டு தட்டில் இருந்த சாக்கெல்லாம் பூசணம் பிடித்து வெள்ளையாகிவிட்டது. கூட்டம் போட்டார். “இது எப்படி நடந்தது? யாரையும் குற்றம் சொல்றதுக்கு இல்லை. உங்க அபிப்ராயம் கேக்கறேன்.”

“நான் சொன்னேனே சாரே” என்றார் செல்லையா அண்ணாச்சி.

சில்லறை சார் நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாகப் புரட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். அவர் முகம் மலர்ந்ததை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். “ஆமா! எழுதியிருக்கேன்! தோ பாருங்கோ, மேற்குச் சுவர், வேர்வை, மிளகாய் கூடாது. தேதிகூட போட்டிருக்கேன்!” நோட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். ஒரு வெட்கம் இல்லை, ஒரு வருத்தம் இல்லை. தான் ஒழுங்காகக் கேட்டதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்.

அவரைப் பொறுத்தவரை எழுதிக்கொண்டதும் வேலை முடிந்தது. நம் வாயிலிருந்து அவர் நோட்டுவரைக்கும்தான் பேச்சின் பயணம். தமிழில் கேட்பது என்றால் காதால் கேட்பதும் அதுதான், சொன்னதைக் கேட்டு நடப்பதும் அதுதான். அந்த மனிதர் முதலாவதை மட்டும் செய்து, இரண்டாவதையும் செய்துவிட்டதாக நம்பினார்.

இனி அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

ஓணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. குடோனில் நிற்க நேரமில்லாத நாட்கள். புதிய இடத்துக்கு ஓணத்துக்கு முன்பே மாறிவிட வேண்டும் என்று சின்ன முதலாளி துடித்தார். ஓணச் சரக்கு போகட்டும், பிறகு மாறலாம் என்று நாங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவரும் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் ஆளுக்கு ஒரு காகிதம் கொடுத்தார். ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ்.

“உங்களுக்காக ஸ்பெஷலா தமிழ்ல அடிக்கச் சொன்னேன். நானே சொல்லச் சொல்ல, சாலைக் கடைத்தெரு பிரஸ்ல ஒரு குட்டி அடிச்சுத் தந்தா. நீங்களா பூர்த்தி பண்ணுங்கோ. யாரும் நிர்ப்பந்திக்க மாட்டா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் ஆறு பேரும் மலையாளத்தில் பஸ் போர்டு வாசிப்போம், அதற்கு மேல் இல்லை. தமிழை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறவன் நான் ஒருவன். எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எனக்கு அன்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வாசித்தேன்.

‘புதிய முறையில் தங்களுக்கு அவசரம் வேண்டுமா?’

கீழே இரண்டு கட்டம். வேண்டும். வேண்டாம். அதற்குக் கீழே ‘காரணம்’ என்று போட்டு இரண்டு வரி இடம்.

செல்லையா அண்ணாச்சி தொடையில் தட்டினார். “பாத்தியளாடே, மனுஷன் கேட்டுட்டாரு! நாம சொன்னது காதுல ஏறியிருக்கு. என்ன அவசரம்? ஒரு அவசரமும் வேண்டாம்னு போடு மக்கா.”

ஆறு காகிதத்திலும் ‘வேண்டாம்’ கட்டத்தில் டிக் போட்டது என் கை. காரணம் என்ற இடத்தில் ஆறிலும் ஒரே மாதிரி எழுதினேன்: ‘ஓணம் களிந்து மெதுவாகச் செய்தால் போதும். புதிய இடத்துக்கு வர எல்லாருக்கும் சம்மதம்.’ கழிந்து என்பதற்குக் களிந்து என்று எழுதினேன். அவரவர் கையெழுத்துப் போட்டார்கள்.

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. இது எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். ‘மோளுக்கு நல்ல ஒரு அவசரம் கிட்டி’ என்று பக்கத்து வீட்டில் சொன்னால், வேலை கிடைத்திருக்கிறது என்று எனக்குப் புரியும். அவருக்கும் அப்படித்தான். வீட்டில் ‘அவசரமா கிளம்பணும்’ என்று சொல்கிற மனிதர்தானே? இரண்டு பேருக்கும் இரண்டும் தெரியும். ஆனால் காகிதம் தமிழ் எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்தில் இருந்ததை நான் தமிழாக வாசித்தேன். அவர் மலையாளத்தில் நினைத்ததைத் தமிழ் எழுத்தில் அடிக்கச் சொல்லிவிட்டார். வெறும் மலையாளமாக இருந்திருந்தால் ஆபீஸில் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லியிருப்போம். பிழைத்திருப்போம்.

காகிதத்தை வாங்கினார். டிக் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தார். கீழே இருந்த இரண்டு வரியை அவரால் வாசிக்க முடியாது. “இதில் என்ன எழுதியிருக்கேள்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத்தானே சம்பளம்? கேட்கவில்லை. தலையை ஆட்டினார். ஆறு பேரும் பள்ளத்தில் நிற்கிறோம் என்று முடிவு கட்டியிருப்பார்.

புரட்டாசியில் அவருடைய ஆறு மாதம் முடிந்தது. பாயசம் வைத்து வழியனுப்பினோம். எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கண் கலங்கினார். அது நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கினார். ஓணத்துக்கு முன்னால் முடியாமல் தள்ளிப்போன குடோன் மாற்றத்துக்கு அவர் போன மறுவாரம் உத்தரவு வந்தது. புதிய குடோனில் எங்கள் ஆறு பேருக்கும் இடம் இல்லை. மலைப்பக்கம் வித்துராவில் கம்பெனி மிளகு வாங்குகிற ஷெட்டுக்குப் போக வேண்டும்.

சின்ன முதலாளியின் அறைக்குப் போனோம். மேஜைமேல் ஆறு காகிதத்தையும் விசிறினார். “நீங்க தானே எழுதித் தந்தது, அவசரம் வேண்டாம்னு? இது உங்க ஒப்பு, கையெழுத்து அல்லே? நான் இனி எந்து செய்யும்?”

அவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆபீஸ் பெண்ணைக் கூப்பிட்டு மலையாளப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். அந்தப் பிள்ளை வாசித்தது. ‘புதிய அமைப்பில் வேலை செய்ய வாய்ப்பு வேண்டுமா’ என்றுதான் அதற்கு அர்த்தம். அது வாசித்து முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ‘கீழே எழுதியிருப்பதை வாசியுங்கள், எங்களுக்குச் சம்மதம் என்றுதான் எழுதியிருக்கிறது’ என்று சொல்லியிருக்க வேண்டும். காது சூடாகி நாக்கு ஒட்டிக்கொண்டது. நின்றேன்.

வெளியே வந்ததும் செல்லையா அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

“உனக்கு வாசிக்கத் தெரியும்னுல்லா மக்கா நினைச்சேன்” என்றார்.

அதோடு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். வித்துராவுக்கு ஒரே பஸ்ஸில் போவோம். அவர் முன்னால் உட்காருவார், நான் பின்னால். மலை ஏறுகிற ரோட்டில் அவருக்கு முட்டி வீங்கிவிடும். நாலு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு நின்றுவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். செல்லையா அண்ணாச்சி இப்போது கிழக்கேகோட்டையில் லாட்டரிச் சீட்டு விற்கிறார். நான் அந்தப் பக்கம் போனால் சீட்டை எண்ணுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வார்.

அந்த பஸ்ஸில் நான் சில்லறை சாரை எத்தனை விதமாகத் தண்டித்திருப்பேன்! அவருடைய ஹெல்மெட்டுக்குள் மிளகாய்ப் பொடி தூவியிருக்கிறேன். அந்த நீல நோட்டைப் பக்கம் பக்கமாகக் கிழித்து அவர் வாயில் திணித்திருக்கிறேன். கடைசியில் எப்போதும் ஒரே இடத்துக்கு வருவேன்: செல்லையா அண்ணாச்சி முன்னால் அவரை நிறுத்தி, ‘பிழை என்னுடையது, உங்க ஆளுடையது இல்லை’ என்று அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். அதைச் சொல்லவைக்கிற வசனத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாள் பக்கத்தில் இருந்த அம்மா, பையனைத் தூக்கிக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது நான் ஆரியசாலையில் வியாபாரிகள் சங்கத்தின் ஹாலில் வேலை பார்க்கிறேன். நாற்காலி போடுவது, டீ கொடுப்பது, பூட்டுவது. இந்த வருஷம் ஓணம் கழிந்து, வியாபாரிகளின் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள். கடையை மாற்றும்போது ஆட்களை எப்படிச் சமாளிப்பது என்று. மேடையில் ஏறியவர் அவர்.

தலைமுடிக்குச் சாயம் அடித்திருந்தார். மற்றபடி அதே ஆள். அதே கோடு, அதே பள்ளம், இப்போது பலகைக்குப் பதில் திரை. பிறகு ஒரு படம் போட்டார். சுவர் அளவுக்குப் பெரிதாக ஒரு காகிதம். மேலே இங்கிலீஷில் ஏதோ தலைப்பு. அதன் கீழே ‘களிந்து’ என்று இருந்தது.

என் ளகரம். நாங்கள் கொடுத்த ஆறு காகிதத்தில் ஒன்று.

“தோ பாருங்கோ” என்றார். “ஒரு கம்பெனி. ஆறு தொழிலாளிகள். வாய்ப்பு வேணுமான்னு அவா பாஷையிலயே கேட்டேன். ஸ்வந்தம் கையால வேண்டாம்னு டிக் பண்ணித் தந்திருக்கா! லட்சுமி வந்து கதவைத் தட்டினாலும், யாரு, நாளைக்கு வான்னு சொல்றவா இருக்கா. இவாளை என்ன பண்ண முடியும்?”

பிள்ளைகள் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவன் படத்தைப் போனில் எடுத்தான். அந்தப் பிள்ளைகள் எல்லாம் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். ஒன்றுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது.

வகுப்பு முடிந்து அவர் கை கழுவ வந்தபோது நடையில் மறித்தேன். “சார், என்னைத் தெரியுதா?”

கண்ணாடியைக் கழற்றினார். “தெரியாம பின்னே! அண்ணாச்சி! சுபா எப்படி இருக்கா? கல்யாணம் ஆச்சா?”

பத்து வருஷம். பெயர் மறக்கவில்லை. ஒரு நிமிஷம் எனக்குக் கோபம் நழுவிவிட்டது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வாய் குழறிக் குழறி முழுவதையும் சொன்னேன். தமிழில் அவசரம் என்றால் என்ன, மலையாளத்தில் என்ன, நாங்கள் என்ன எழுதினோம், செல்லையா அண்ணாச்சி என்ன ஆனார். வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை. தலை மெதுவாக ஆடிக்கொண்டே இருந்தது. நோட்டை எடுத்தார். இப்போது அட்டை கறுப்பு. எழுதினார். தோளைத் தொட்டார்.

“நன்னா கேட்டேன் அண்ணாச்சி. வருத்தமா இருக்கு. அடுத்த தடவை நிச்சயமா மாத்திச் சொல்றேன்.”

மூன்று வாரம் கழித்து அடுத்த வகுப்பு. நான் கதவோரம் நின்றேன். அதே படம் வந்தது. மாற்றித்தான் சொன்னார்.

“இந்த ஆறு பேர்ல ஒருத்தர் இப்போ சமீபத்துல என்கிட்ட வந்தார். கண்ணுல ஜலம். சார், அன்னிக்கு நாங்க விவரமில்லாம தப்பா டிக் பண்ணிட்டோம், எங்களோட பிழைன்னு சொன்னார். பத்து வருஷம் ஆச்சு அவருக்குப் புரியறதுக்கு. கேட்டேளா, மாற்றத்தை எதிர்க்கறவாளும் ஒருநாள் மேட்டுல ஏறி வருவா.”

என்னைக் கையால் காட்டவில்லை. அந்த மட்டுக்கு மரியாதை. கைதட்டினார்கள். நான் டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய், குழாயைத் திறந்துவிட்டுத் தலையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அவரிடம் இனிமேல் நான் வாயால் எதையும் சொல்வதாக இல்லை. வாயால் சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தாகிவிட்டது.

நாளைக் காலை பத்து மணிக்கு மூன்றாவது வகுப்பு. இது பிள்ளைகளுக்கு இல்லை, கடை முதலாளிகளுக்கு. அறுபது பேர். தமிழில் கணக்கு எழுதிப் பழகிய ஆட்கள் அதில் பாதி.

இன்று மத்தியானம் கிழக்கேகோட்டைக்குப் போனேன். செல்லையா அண்ணாச்சி தலையைக் குனிந்தார். நான் நகரவில்லை.

“சீட்டு வேணுமா?” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

“வேண்டாம் அண்ணாச்சி. நாளைக்குக் காலத்த ஹாலுக்கு வரணும். சில்லறை சார் வாறாரு.”

சீட்டு எண்ணுகிற விரல் நின்றது. ஒருவர் வந்து இரண்டு சீட்டு வாங்கிக்கொண்டு போனார்.

“வந்து? நான் அந்த ஆளுட்ட என்ன பேச?”

“நீங்க ஒண்ணும் பேசாண்டாம். நானும் பேசமாட்டேன். உக்காந்திருந்தா போதும்.”

“எனக்கு அங்க நாற்காலி தருவானுவளா?”

“நாற்காலி போடுகது நானாக்கும்.”

முகத்தைத் தூக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. “மூணு மணிக்கு நறுக்கு இருக்கு, சீட்டுக் குலுக்கல். அதுக்கு முன்ன விட்டுருவியளா?” என்றார்.

விட்டுவிடுவோம் என்றேன்.

ஹாலில் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு காகிதமும் பேனாவும் வைப்பது என் வேலை. நாளை அதோடு இதையும் வைப்பேன். சங்கத்துக்கு எதிரே உள்ள கடையில் இன்றைக்கே அறுபது நகல் எடுத்து, நானே நூல் கோத்துக் கட்டிவிடுவேன். நீங்கள் இப்போது கையில் வைத்திருப்பது அதுதான்.

அவர் பேசும்போது குறுக்கே பேச வேண்டாம். படத்தைப் போடட்டும். ஆறு பேரைப் பற்றிச் சொல்லி முடிக்கட்டும். கடைசியில் “உங்க அபிப்ராயம் சொல்லுங்கோ” என்று கட்டாயம் கேட்பார். அப்போது யாராவது ஒருவர் எழுந்து, படத்தில் டிக்குக்குக் கீழே உள்ள இரண்டு வரியைச் சத்தமாக வாசியுங்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. முன்வரிசையில் நடு நாற்காலியில் வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருக்கும் பெரியவர்தான் செல்லையா அண்ணாச்சி. சில்லறை சாரிடம், பதிலை அண்ணாச்சி முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நோட்டை எடுப்பார். எடுக்க விடாதீர்கள்.

நான் பின்னால், கதவைச் சாத்திவிட்டு நிற்பேன். டீ அதற்குப் பிறகுதான்.

துலாம் 18, செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.